அலுமாரிக்குள் இருக்கும் அந்த ரிப்போர்ட்டை வெளியே எடுங்கள்

வடமராட்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 29. ஆசிரியை. முதல் பிள்ளை, இப்போது 23 ஆவது கிழமை. தனியார் ஆய்வுகூடமொன்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு 'பொசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. ஈரல் பரிசோதனை நோர்மல். உடம்பில் ஒரு வருத்தமும் தெரியவில்லை. ரிப்போர்ட்டை நாலாக மடித்து, அலுமாரியில் கூறைச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டார். மூன்று கிழமையாக ஒருவருக்கும் சொல்லவில்லை. கணவருக்குக் கட்டாரில் வேலை, அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறார். இவர் இருப்பது மாமியோடு. ஊரில் கிளினிக் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தரோ மாமிக்குச் சொந்தம்.

"நான் 1996 இல், சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த நேரம் ஒரு கொட்டிலில் பிறந்தேன் என்று அம்மா சொல்லுவா. அம்மா 51 வயதில் ஈரல் பழுதாகி, வயிறு வீங்கிச் செத்தவ. அண்ணாவுக்கும் ஒருமுறை செங்கமாரி வந்தது. இது எனக்கு எப்படி வந்தது? இவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தாரா? இல்லையென்றால் இவர் என்னைச் சந்தேகப்படுவாரா? பிள்ளையைக் கலைக்க வேண்டுமா? ஈரல் நோர்மல் என்றால் பிள்ளைக்குப் போகாதுதானே? இரண்டாம் மாத ஊசியில் இதுக்கும் மருந்து இருக்கிறது என்கிறார்கள், அது போதாதா? பால் கொடுக்கக் கூடாது என்று தெரிந்த ஒரு பார்மசிக்காரர் சொன்னார். ஒப்பரேஷன் செய்து எடுத்தால் தப்பலாமா? கீழ்க்காய்நெல்லி குடிக்கட்டுமா?" என்று கேட்கிறார். கடைசி வரியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள பிள்ளை,

உங்களை அப்படி அழைக்கும் வயது எனக்கு. மூன்று கிழமையாக நித்திரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் விளக்கத்தைப் பிறகு வைத்துக்கொண்டு பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைக்கு இந்த வைரஸ் போகாமல் தடுக்க முடியும். ஊகமாகச் சொல்லவில்லை. நாற்பது வருடமாக உலகம் முழுக்கச் செய்து பார்த்த வழி இருக்கிறது. நீங்கள் 23 ஆவது கிழமையிலேயே எழுதியதால் அதற்குப் போதிய காலமும் இருக்கிறது.

கலைக்க வேண்டிய தேவை இல்லை. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அன்றி வேறு காரணத்துக்கு இலங்கைச் சட்டத்தில் அதற்கு இடமும் இல்லை. சட்டத்தை விடுங்கள், மருத்துவத்திலும் அதற்குக் காரணம் இல்லை. யாராவது குளிசை தருகிறேன் என்று வந்தால், இந்த மாதத்தில் அது உங்கள் உயிருக்கே ஆபத்து. அந்த எண்ணத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஈரல் நோர்மல் என்றால் என்ன அர்த்தம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயப்படுத்திய வரி, "ஈரல் நோர்மல் என்றால் பிள்ளைக்குப் போகாதுதானே" என்பது. படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் உண்மை பல நேரம் இதற்கு நேர்மாறாக இருக்கும்.

எஸ்.ஜி.பி.டி. என்று ரிப்போர்ட்டில் இருக்கும் எண், ஈரல் கலங்கள் எவ்வளவு சிதைகின்றன என்பதைக் காட்டுவது. வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் தானாக ஈரலைத் தின்பதில்லை. வைரஸ் புகுந்த கலங்களை எங்கள் உடம்பின் நிர்ப்பீடனம், அதாவது நோய் எதிர்ப்புச் சக்தி, தாக்கும்போதுதான் ஈரல் புண்படுகிறது. பிறந்தபோதே தொற்றியவர்களின் உடம்பு அந்த வைரஸை அந்நியமாகவே மதிப்பதில்லை. இருபது, முப்பது வயதுவரை இரண்டும் சண்டையின்றி ஒன்றாக இருக்கும். அந்தக் காலத்தில் எஸ்.ஜி.பி.டி. நோர்மலாக இருக்கும், ஆளும் நல்ல சுகமாக இருப்பார், இரத்தத்திலோ வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கலாம். பெண்கள் பிள்ளை பெறும் வயதும் அதுதான். ஆகவே உங்கள் நோர்மல் ரிப்போர்ட் உங்கள் ஈரலைப் பற்றி இன்றைக்கு நல்ல செய்தி. பிள்ளையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

அதைச் சொல்லும் பரிசோதனைகள் இரண்டு. முதலாவது எச்.பி.இ.ஏ.ஜி. என்பது. நீங்கள் செய்தது எச்.பி.எஸ்.ஏ.ஜி., வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது; இது வேறு. இரண்டு பெயரிலும் நடு எழுத்துத்தான் வித்தியாசம், கவனமாகப் பாருங்கள். இந்த 'இ' பொசிட்டிவ் என்றால் வைரஸ் வேகமாகப் பெருகுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட தாய்மாருக்கு ஒரு தடுப்பும் செய்யாவிட்டால் 100 பிள்ளைகளில் 70 முதல் 90 பேர்வரை தொற்றிவிடும். 'இ' நெகட்டிவ் என்றால் அது 10 முதல் 40 வரை. இரண்டாவது வைரஸ் அளவு, அதாவது ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில் எத்தனை அலகு என்று எண்ணிச் சொல்லும் டி.என்.ஏ. பரிசோதனை. உங்கள் வழியைத் தீர்மானிக்கப்போவது இந்த எண்தான். முதல் ரிப்போர்ட்டையும் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். சில ஆய்வுகூடங்களில் செய்யும் துரிதப் பரிசோதனை பிழைப்பதும் உண்டு.

எங்கிருந்து வந்தது

பெரியவர் ஒருவருக்கு இந்த வைரஸ் புதிதாகத் தொற்றினால் 100 பேரில் 95 பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் தாமாகவே குணமடைந்துவிடுவார்கள். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ 100 க்கு 90 பேருக்கு அது உடம்பில் நிலைத்துவிடும். உங்கள் அம்மா ஈரல் பழுதாகி இறந்திருக்கிறார். அண்ணாவுக்கும் செங்கமாரி வந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு வருத்தமும் தெரியவில்லை. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, 1996 இல் அந்தக் கொட்டிலில் நீங்கள் பிறந்தபோதே அம்மாவிடமிருந்து இது வந்திருக்க மிகவும் வாய்ப்பிருக்கிறது. அந்தக் காலத்தில் இலங்கையின் தடுப்பூசி அட்டவணையில் ஹெபடைடிஸ் பி இருக்கவில்லை. 2003 இல்தான் சேர்க்கத் தொடங்கினார்கள். உங்கள் அம்மாவுக்குத் தனக்கு இது இருப்பது தெரிந்திருக்கவும் வழியில்லை. கடிதத்தில் அவரைப் பற்றிய வரியில் ஒரு கோபத்தின் சாயலைக் கண்டேன். இது அவர் செய்த பிழை இல்லை.

புதிதாகத் தொற்றியதா, பழையதா என்று பிரித்தறிய ஐ.ஜி.எம். வகைப் பிறபொருளெதிரியை (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள்) பார்க்கும் பரிசோதனை உதவும். வைத்தியரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கணவருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நாளில் அந்தத் தாள் கையில் இருந்தால் உதவியாக இருக்கும்.

அவரைச் சந்தேகிக்கும் முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் விசாவுக்கு முன் 'மெடிக்கல்' எடுக்கிறார்களே, அதில் ஹெபடைடிஸ் பி பார்ப்பார்கள். பொசிட்டிவ் என்றால் போக விடமாட்டார்கள். அவர் போயிருக்கிறார் என்றால், போகும்போது அவருக்கு இது இருக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

28 ஆவது கிழமைக்கு முன்

கர்ப்பப்பைக்குள் இருக்கும்போது பிள்ளைக்கு இந்த வைரஸ் போவது குறைவு. பெரும்பாலும் பிள்ளை பிறக்கும் அந்தச் சில மணித்தியாலங்களில், தாயின் இரத்தமும் நீரும் பிள்ளையின் கண், வாய், தோலில் படும்போதுதான் போகிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடும் ஊசி வேலை செய்கிறது. ஆனால் தாயின் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால், ஊசியையும் மீறி சில பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுகிறது. அந்தச் சிலரையும் காப்பாற்றத்தான் குளிசை.

வைரஸ் அளவு 200,000 அலகு அல்லது அதற்கு மேல் என்றால், 28 ஆவது கிழமையிலிருந்து பிள்ளை பிறக்கும்வரையாவது டெனோபோவிர் என்ற குளிசையை நாளுக்கு ஒன்று வீதம் எடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் சொல்லிவருகிறது. அளவைப் பார்க்க வசதி இல்லாத இடத்தில் 'இ' பொசிட்டிவ் என்றாலே தொடங்கலாம். 2024 இல் அந்த வழிகாட்டலை இன்னும் தளர்த்தி, இரண்டு பரிசோதனைக்கும் வழியில்லாத இடங்களில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பொசிட்டிவான எல்லாத் தாய்மாருக்குமே கொடுக்கலாம் என்றார்கள். 2016 இல் வெளிவந்த சீன ஆய்வொன்றில், வைரஸ் அளவு மிக அதிகமாக இருந்த 200 தாய்மாரை எடுத்துப் பார்த்தார்கள். இந்தக் குளிசையை ஒழுங்காக எடுத்து முடித்தவர்களின் பிள்ளைகளில் ஒருவருக்கும் தொற்றவில்லை. எடுக்காதவர்களின் பிள்ளைகளில், ஊசிகள் போட்டும் 100 க்கு 7 பேருக்குத் தொற்றியது.

கர்ப்ப காலத்தில் குளிசையா என்று பயப்படுவீர்கள். எச்.ஐ.வி. உள்ள தாய்மார் பல வருடங்களாக இதே மருந்தைக் கர்ப்பம் முழுக்க எடுத்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதனால் ஊனம் வந்ததாகக் காணவில்லை. தொடங்குமுன் சிறுநீரகப் பரிசோதனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் பார்க்க வேண்டும். பின்னையது கிளினிக்கில் ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். சிலருக்கு முதல் சில நாள் வயிற்றைப் பிரட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குறையும். இடையில் நீங்களாக நிறுத்தவே கூடாது.

வைரஸ் அளவு குறைவாக வந்தால் குளிசை தேவைப்படாது. ஊசி அப்போதும் கட்டாயம்.

உங்களுக்கு 28 ஆவது கிழமைக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. டி.என்.ஏ. பரிசோதனை ரிப்போர்ட் வந்துசேர நாள் எடுக்கலாம். அதனால் "இவர் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருக்க வேண்டாம். இரத்தத்தை இந்தக் கிழமையே கொடுங்கள்.

பிறந்து பன்னிரண்டு மணித்தியாலம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.

இரண்டாம் மாத ஊசி போதாதா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் நாட்டு வழமையான அட்டவணையில் ஹெபடைடிஸ் பி, ஐந்து நோய்களுக்கான பென்ராவலன்ட் ஊசிக்குள் ஒன்றாக 2, 4, 6 ஆம் மாதங்களில் வருகிறது. இந்த வைரஸ் இல்லாத தாயின் பிள்ளைக்கு அது போதும். உங்கள் பிள்ளைக்கு வைரஸ் படப்போவது பிறக்கும் நாளில், ஊசி வருவது இரண்டு மாதம் கழித்து. அதற்குள் வைரஸ் ஈரலில் குடியேறிவிடும். இன்னொரு குழப்பத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். "பிறந்தவுடன் ஊசி போட்டுத்தான் வீட்டுக்கு விட்டவை" என்று தாய்மார் நிம்மதியாக இருப்பார்கள். அது கையில் போட்ட பி.சி.ஜி., காசநோய்க்கானது. ஹெபடைடிஸ் பி தொடையில் போடுவது, வேறு ஊசி.

உங்கள் பிள்ளைக்குத் தேவை இரண்டு. ஒன்று தடுப்பூசி. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் கட்டாயம், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. மற்றது இம்யூனோகுளோபியூலின் ஊசி. தடுப்பூசி பிள்ளையின் உடம்பைத் தானே பிறபொருளெதிரிகளை உண்டாக்கப் பழக்கும், அதற்குக் கிழமைகள் பிடிக்கும். இம்யூனோகுளோபியூலினில் இருப்பது ஏற்கெனவே ஆயத்தமான பிறபொருளெதிரி, போட்ட நேரத்திலிருந்தே வேலை செய்யும். இதை 12 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். ஒன்றை ஒரு தொடையிலும் மற்றதை மறு தொடையிலும் போடுவார்கள்.

வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018 இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு நல்ல சாட்சி. அங்கே சராசரியாகப் பிறந்து ஒன்றரை மணித்தியாலம் ஆகுமுன்னரே இரண்டு ஊசியும் போட்டுவிட்டார்கள். தாய் மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்த பிள்ளைகளில்கூட 100 க்கு 2 பேருக்குத்தான் தொற்றியது. டெனோபோவிர் எடுத்தவர்களின் பிள்ளைகளில் ஒருவருக்கும் இல்லை.

தடுப்பூசி குளிரூட்டியில் இருக்கும், கேட்டால் எடுக்கலாம். இம்யூனோகுளோபியூலின் அப்படியில்லை. விலை கூடியது, எல்லா வைத்தியசாலையிலும் எந்நேரமும் இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. பிள்ளை எந்த வைத்தியசாலையில் பிறக்கப்போகிறது என்பதை முதலே முடிவுசெய்து, அங்குள்ள மகப்பேற்று நிபுணரையும் குழந்தை வைத்திய நிபுணரையும் 34 ஆவது கிழமைக்கு முன் சந்தித்து, "என் பிள்ளைக்கு இந்த இரண்டு ஊசியும் வேண்டும், எடுத்து வைப்பீர்களா" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பருத்தித்துறையிலோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ, எங்கே என்பதை உங்கள் மகப்பேற்று நிபுணர் தீர்மானிக்கட்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் இளம் வைத்தியராக இருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒரு தாய் வலியோடு வந்தார். சுகப் பிரசவம், பெண் பிள்ளை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டிய பிறகு, அவர் தன் கைப்பையைத் திறந்து, சீப்புக்கும் கோயில் விபூதிப் பொட்டலத்துக்கும் இடையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். எச்.பி.எஸ்.ஏ.ஜி. பொசிட்டிவ், ஐந்து மாதத்துக்கு முன் எடுத்தது. பக்கத்தில் மாமியார் இருந்ததால் வந்த அன்று காட்டவில்லை என்றார். நாங்களும் அன்று கேட்கவில்லை. அந்தப் பொறுப்பு எங்களுடையதும்தான். ஓடிப்போய் ஊசி போட்டோம். ஒன்பதாம் மாதம் பிள்ளையின் இரத்தத்தைப் பார்த்தபோது வைரஸ் இருந்தது. அந்தப் பெண் இப்போது சுகமாகத்தான் இருக்கிறாள், படிக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்க வருவாள். சின்ன வயதிலிருந்தே ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பமாட்டாள், குத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தத் தாள் அந்த வெள்ளிக்கிழமை இரவு என் கைக்கு வந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

பிறந்த ஊசிக்குப் பிறகு 2, 4, 6 ஆம் மாத ஊசிகளை ஒன்றும் தவறாமல் போட வேண்டும். பிறகு ஒன்பது மாதம் முடிந்ததும், எம்.எம்.ஆர். ஊசிக்குப் போகிற நேரத்தில், பிள்ளையின் இரத்தத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் பிறபொருளெதிரி அளவும் பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்க்க வேண்டாம். தொப்புள்கொடி இரத்தத்தைப் பார்த்தோ முதல் மாதங்களில் பார்த்தோ பயந்துபோய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவுகள் குழப்பும்.

ஒப்பரேஷன், தாய்ப்பால், கீழ்க்காய்நெல்லி

ஒப்பரேஷன்: இந்த வைரஸுக்காக மட்டும் வயிற்றை வெட்ட வேண்டியதில்லை. வேறு காரணம் இருந்தால் செய்யட்டும்.

தாய்ப்பால்: கொடுங்கள். பார்மசிக்காரர் சொன்னது பிழை. தடுப்பூசி வருவதற்கு முன்பே, 1975 இல், தாய்வானில் இந்த வைரஸ் உள்ள தாய்மாரின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பால் குடித்த பிள்ளைகளுக்கும் குடிக்காத பிள்ளைகளுக்கும் தொற்றில் வித்தியாசம் இல்லை. இப்போது ஊசியும் இருக்கிறது. ஊசி போடும்வரை பாலைத் தாமதிக்கவும் வேண்டாம், சீம்பாலைப் பிழிந்து ஊற்றவும் வேண்டாம். டெனோபோவிர் எடுத்துக்கொண்டிருந்தாலும் பால் கொடுக்கலாம். முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும், அது ஆறும்வரை அந்தப் பக்கத்துப் பாலைப் பிழிந்து விட்டுவிட்டு மற்றப் பக்கம் கொடுங்கள்.

கீழ்க்காய்நெல்லி: எங்கள் வளவுகளில் மழை விழுந்ததும் முளைக்கிற செடி. செங்கமாரிக்கு அதைப் பாலில் அரைத்துக் குடித்த தலைமுறை எங்களுடையது. நான் அதை இழிவாகப் பேசமாட்டேன். இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பேர்க்கே அதில் நம்பிக்கை வைத்து, சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து 1988 இல் ஆய்வு வெளியிட்டார். முதல் முடிவுகள் ஆசை காட்டின. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கர்ப்பிணிக்கு அது பாதுகாப்பானது என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. மாமி அன்பாக அரைத்துத் தந்தால் "டொக்டர் இப்ப ஒன்றும் குடிக்க வேண்டாமாம்" என்று சொல்லி என்மேல் பழியைப் போடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு தரும் பத்தியக் கறிக்கும் சரக்குத் தண்ணிக்கும் நான் தடை சொல்லவில்லை. பெயர் தெரியாத லேகியம், கசாயம் மட்டும் வேண்டாம். ஈரல் அதைத் தாங்காமல் போகலாம்.

யாருக்குச் சொல்வது

மூன்று கிழமையாக நீங்கள் சுமந்துகொண்டிருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலைக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமிக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஒரே கோப்பையில் குடிப்பது, ஒன்றாகச் சாப்பிடுவது, ஒரே கிணற்றில் குளிப்பது, கட்டிப்பிடிப்பது எதனாலும் இது தொற்றாது. சமையலுக்கும் தடையில்லை. தொற்றுவது இரத்தத்தாலும் உடலுறவாலும். உலர்ந்த இரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாளுக்குக் குறையாமல் உயிரோடு இருக்கும். அதனால் பற்தூரிகை, சவர அலகு, நகம் வெட்டி ஆகியவற்றை மட்டும் உங்களுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக்காயம் பட்டால் மூடிக் கட்டுங்கள்.

கட்டாயம் தெரிய வேண்டியவர்கள் உங்களுக்குப் பிரசவம் பார்ப்பவர்களும் உங்கள் கணவரும்.

குடும்பநல உத்தியோகத்தர் மாமிக்குச் சொந்தம் என்பது உங்கள் பயம். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவரது கடமை. என் அனுபவத்தில் பெரும்பாலானோர் அதைக் காப்பாற்றுகிறார்கள். அப்படியும் மனம் கேட்கவில்லை என்றால் அவரைத் தாண்டிப் போகலாம். சுகாதார வைத்திய அதிகாரியைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் சொல்லுங்கள். மகப்பேற்று நிபுணரிடம் ஒரு கடிதம் வாங்கி, உறையில் போட்டு ஒட்டி, கிளினிக் கொப்பியின் பின்மட்டைக்குள் வையுங்கள். வெளியே 'விடுதி வைத்தியருக்கு, பிரசவ அனுமதியின்போது திறக்கவும்' என்று எழுதச் சொல்லுங்கள். வலி வந்து போகும் நேரம் உங்களுக்கு இதெல்லாம் நினைவில் நிற்காது, கொப்பி கையோடு வரும். அத்தோடு பிரசவ அறையில் பரிசோதிக்கும் வைத்தியரிடம் வாயாலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கணவரிடம் தொலைபேசியில் சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அங்கே அறையில் நாலு பேர் இருப்பார்கள், அவர் யாரிடமும் கேட்டுத் தெளியவும் முடியாது. வந்ததும் உங்கள் வைத்தியரிடம் இரண்டு பேருமாகப் போங்கள், அவரே சொல்லட்டும். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் "இது இவவுக்குப் பிறந்தபோதே தாயிடமிருந்து வந்திருக்கும்" என்று சொல்வதை ஆண்கள் கேட்கிறார்கள். நான் பல தரம் பார்த்திருக்கிறேன். அன்றே அவருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும். தொற்று இல்லை, பிறபொருளெதிரியும் இல்லை என்றால் தடுப்பூசி, 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று. விடுமுறைக்குள் இரண்டு ஊசியைப் போட்டுக்கொண்டு போகலாம். ஊசிகள் முடியும்வரை ஆணுறை பாவியுங்கள். அவருடைய அடுத்த 'மெடிக்கல்' பொசிட்டிவாக வந்தால் வேலையே போய்விடும். ஆகவே அவரிடம் மறைப்பது அவருக்கும் நல்லதில்லை.

கோபப்படுவாரா? ஒரு நாள் படலாம். அடி, மிரட்டல் என்ற பயம் உண்மையாகவே இருந்தால், அதை வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள், வேறு விதமாக ஒழுங்கு செய்வோம். அண்ணாவுக்கும் சொல்லி, அவரையும் அவர் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். அவர் குடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு நீங்கள்

பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று என்றதும் தாயை எல்லோரும் மறந்துவிடுகிறோம். தாயும் தன்னை மறந்துவிடுகிறாள். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும், பிள்ளைக்குச் சோறு தீத்தும் நாள் வரும், இரத்தப் பரிசோதனைத் துண்டு எங்கோ கிடக்கும். அடுத்த பிள்ளைக்கு வரும்போதுதான் அவரை மறுபடி காண்கிறோம்.

பிரசவத்துக்குப் பிறகு, முக்கியமாகக் குளிசையை நிறுத்தினால், ஈரல் திடீரென்று கொதித்தெழலாம். அதனால் ஆறாம் கிழமையிலும், பிறகு மூன்றாம், ஆறாம் மாதங்களிலும் எஸ்.ஜி.பி.டி. பார்க்க வேண்டும். குளிசையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை வைத்திய நிபுணர் சொல்வார். உங்கள் அம்மாவின் வரலாறு காரணமாக அவர் தொடரச் சொல்லவும் கூடும். கண் மஞ்சளானால், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போனால், சாப்பாடு அருவருத்தால் அன்றே காட்டுங்கள். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, வயிற்று ஸ்கான். இது ஆயுள் முழுக்க. அம்மாவுக்கு வந்தது உங்களுக்கும் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவருக்குத் தெரியவே இல்லை. உங்களுக்கு 29 வயதிலேயே தெரிந்துவிட்டது. ஈரல் பழுதாகுமுன் மருந்து தொடங்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது.

அடுத்த கிளினிக் நாளில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். டி.என்.ஏ. ரிப்போர்ட் வந்ததும் எண்ணை எனக்கு எழுதுங்கள்.

இனி உங்கள் கடைசி வரி. "பிள்ளையை நான் கொஞ்சலாமா, டொக்டர்?"

கொஞ்சலாம். பிறந்த நிமிடத்திலேயே, துடைத்துத் தந்ததும், நெஞ்சில் போட்டுக் கொஞ்சுங்கள். தொடையில் இரண்டு ஊசி போடும்போது பிள்ளை வீரிட்டு அழும். போட்டு முடிந்ததும் திரும்ப வாங்கிப் பாலைக் கொடுங்கள்.